நான்காவது விதி என்னுடையது

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்கிறேன்.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் மாத்தளை நகரில் சொந்தமாக ஒரு பம்ப் ரூம் கட்டினேன். டீசல் வாகனங்களின் எரிபொருள் பம்பையும், எரிபொருளை இன்ஜினுக்குள் தூவுகிற நோசில்களையும் கழற்றித் திருத்தும் பட்டறைக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். சுவருக்குக் கல் சுமந்தது நான். கூரைக்குத் தகரம் அடித்தது நான். நோசில் டெஸ்டர் வாங்க வழியில்லாத காலத்தில், உடைந்த லொறியொன்றின் கை ஜாக்கியையும் ஒரு பழைய அழுத்த மானியையும் வைத்து நானே ஒரு டெஸ்டர் செய்தேன். பிற்பாடு வெளிநாட்டு டெஸ்டர் வந்தது. இரண்டுக்கும் கணக்கு ஒத்துப்போகாத நாளில் நான் சந்தேகப்பட்டது வெளிநாட்டானைத்தான். பெரும்பாலும் என் சந்தேகம் சரியாகவே இருந்தது.

மகள்மார் இருவரையும் படிக்க வைத்தேன். மாடி வீடு கட்டினேன். நாவுலயிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறிகள், வஹகோட்டைத் திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றும் வேன்கள், தோட்டத்து டிராக்டர்கள் எல்லாம் என் வாசலில் வரிசையாக நின்ற காலம் உண்டு. வாகனம் சந்தியில் திரும்பும்போதே எந்தச் சிலிண்டரின் நோசில் ஒழுகுகிறது என்று உள்ளே உட்கார்ந்தபடி சொல்வேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். ஆனால் பொய் இல்லை.

இப்போது இதை எழுதக் காரணம், எங்கள் மாவட்ட கராஜ்காரர் சங்கம் சிறப்பு மலர் ஒன்று போடுகிறது. சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்து, மூத்தவர் என்ற முறையில் ஒரு வாழ்த்துரை கேட்டார். வரும்போது சங்கம் புதிதாக அச்சடித்த ஒரு தாளையும் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாக் கராஜ்களிலும் ஒட்டப்போகிறார்களாம். ‘புகைப் பரிசோதனைக்கு முன் கவனிக்க வேண்டிய பத்து விதிகள்.’ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். நான்காவது விதிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

“இது யாரு சொன்னது?” என்றேன்.

“சங்கத் தொழில்நுட்பக் குழு பாஸ்,” என்றார். கையில் ஸ்பேனர் பிடித்தவர்களை எல்லாம் எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நாலாவது?”

“அது இப்ப எல்லாரும் செய்றதுதானே பாஸ்.”

எல்லோரும்தான் செய்கிறார்கள். முதன்முதலில் செய்தவனிடமே வாழ்த்துரை கேட்டு வந்திருக்கிறார்கள். ஆகவே வாழ்த்துரைக்குப் பதிலாக இதை எழுதிக் கொடுக்கிறேன். என் கோணல் எழுத்தைத் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

தொழில் பழகிய கதையை நீட்டமாட்டேன். ஸவாஹிர் ஹாஜியாருடைய பம்ப் ரூமில் ஏழு வருடம் இருந்தேன். முதல் இரண்டு வருடம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். மிச்சம் ஐந்து வருடம் ஹாஜியாரின் மௌனத்துக்குப் பயந்தேன்.

அவர் யாரையும் ஏசியதில்லை. வேலை பிழைத்திருந்தால், வந்து பக்கத்தில் நின்று, நாம் பூட்டியதைத் தன் கையாலேயே கழற்றுவார். கழற்றிய சாமான்களை ஒரு பத்திரிகைத் தாளில் வரிசையாக வைப்பார். ஸ்பேனரைத் துடைத்து நம் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவார். பள்ளிவாசலிலிருந்து திரும்பி வருவதற்குள் பிழையை நாமே கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் மறுபடி கழற்றுவார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

வாய் திறந்து அவர் சொன்ன சட்டம் ஒன்றுதான். “மகன், இன்ஜின்ல ஏத்த முந்தி டெஸ்டர்ல ஏத்துங்க. புதுசெண்டாலும் சரி, பழசெண்டாலும் சரி.”

டெஸ்டர் என்பது ஒரு கைப்பிடியும் ஒரு மானியும் உள்ள சிறிய பம்ப். நோசிலை அதில் பூட்டிக் கைப்பிடியை அழுத்தினால், குறித்த அழுத்தத்தில் நோசில் ‘கிர்ர்’ என்று சத்தம் போட்டு டீசலைப் பனிபோலத் தூவ வேண்டும். அந்தத் தூவலுக்கு முன்னால் கையை நீட்டக் கூடாது, தோலைத் துளைத்துக்கொண்டு போகும். ஹாஜியார் ஒரு சாண் தள்ளி வெள்ளைத் தாளைப் பிடிப்பார். நல்ல நோசில் தாளில் வட்டமாக ஈரம் போடும். கெட்டது ஒரு பக்கம் வழியும், அல்லது நுனியில் சொட்டும். சொட்டுகிற டீசல் ஒழுங்காக எரியாது. அதுதான் கறுப்புப் புகை. பார்த்து முடிந்ததும் ஹாஜியார் தாளைக் கசக்கிப் போட்டுவிடுவார். இந்தக் கசக்கிப் போடுதலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொந்தமாகத் தொழில் தொடங்கிய காலத்தில் புகையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. “கறுப்பா கக்கினாத்தான் பாஸ் மலை ஏறும்,” என்று நாவுல லொறிக்காரர்கள் டீசலைக் கூட்டி வைக்கச் சொல்வார்கள். பிறகு அரசாங்கம் புகைப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. சைலன்சரின் வாயில் ஒரு குழாயைச் செருகி, அக்சிலேட்டரைத் தரைவரை ஒரே மிதியாக மிதிப்பார்கள். இப்படிச் சில தடவை. புகை எவ்வளவு அடர்த்தி என்று கணினி எண்ணாகச் சொல்லிவிடும். அந்த எண் தாண்டினால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் வருடாந்தர வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. அது இல்லாமல் வாகனம் தெருவில் ஓட முடியாது. முன்பு கூட்டச் சொன்ன அதே ஆட்கள் குறைக்கச் சொல்லி வந்தார்கள்.

குறைப்பது சுலபம். பம்பின் பக்கவாட்டில், சரியான அளவைக் காட்டும் வர்ணக் குறியோடு ஒரு திருகாணி இருக்கிறது. அதைப் பின்னால் திருகினால் டீசல் குறையும், புகையும் குறையும். பரிசோதனைக்குப் போகும் காலையில் திருகி அனுப்புவோம். சான்றிதழ் எடுத்துக்கொண்டு திரும்பி வந்ததும் பழைய இடத்துக்குத் திருகி விடுவோம். இதற்கு ‘டெஸ்ட் செட்டிங்’ என்று பெயர். எல்லாப் பம்ப் ரூமிலும் செய்தோம். நானும் செய்தேன். என் கை மற்றவர்களைவிட நேர்த்தி என்பதால் என்னிடம் அதிகம் பேர் வந்தார்கள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். கதை நிற்பதே அதில்தான். சந்தையில் டூப்ளிகேட் சாமான்கள் பெருகியதும், பாவித்த சாமானைக் கழுவிப் புதிது என்று ஏமாற்றும் பாஸ்மாரும் பெருகினார்கள். அதனால் சாமான் பெட்டியின் சீலைத் தங்கள் கண் முன்னால், வண்டியின் பொனெட் பக்கத்தில்தான் உடைக்க வேண்டும் என்று வாகனக்காரர்கள் சட்டம் வைத்தார்கள். உடைத்த கையோடு பூட்ட வேண்டும். இடையில் உள்ளே கொண்டுபோனால் மாற்றிவிட்டான் என்று சந்தேகம். நாங்களும் இதைக் கௌரவமாக எடுத்துக்கொண்டோம். பொனெட் மேல் பெட்டியை வைத்து, சீலைக் காட்டி, ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கிழிப்பதில் ஒரு மிடுக்கு இருந்தது. ஆக, புது நோசில் ஒன்றுகூட டெஸ்டரைப் பார்க்கவில்லை. ஹாஜியாரின் சட்டத்தில் பாதி காற்றில் போயிற்று. நான் உட்பட யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஸ்டெல்லா வந்தது அந்தக் காலத்தில்.

ஸ்டெல்லா ரத்தோட்டைக்கு மேலேயுள்ள தோட்டங்களிலிருந்து மாத்தளைப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றும் வேன்காரி. பதினான்கு பிள்ளைகள். வேனும் அவளுடையது, ஓட்டுவதும் அவள்தான். ஆண்கள் ஹோர்ன் அடித்து வழி கேட்டால் கொடுக்கமாட்டாள் என்று பெயர். வேன் பரிசோதனையில் விழுந்துவிட்டது. அனுமதிப்பத்திரம் முடிய பதினொரு நாள் இருந்தது.

“பாஸ், சட்டிபிக்கட் மட்டுமில்ல என் பிரச்சினை,” என்றாள். “பின் கதவு இடுக்கால கரி உள்ள வருது. பிள்ளைங்க வெள்ளை உடுப்போட ஏறி சாம்பல் உடுப்போட இறங்குறாங்க. இந்த மாசத்தோட வேற வேனுக்கு மாத்துறோம்னு தாய்மாருங்க சொல்லிட்டாங்க. பதினாலு பிள்ளை போச்சுன்னா வேனும் போச்சு.”

“நோசில் செட்ட மாத்துனா வெள்ளையா வரும்,” என்றேன். கொழும்பு வியாபாரி ஒருவர் கொடுத்த ஜப்பான் பெட்டி ஒன்று இருந்தது. பொனெட்டில் வைத்தேன். சீலைக் காட்டினேன். கிழித்தேன். நான்கையும் பூட்டினேன். கழற்றிய பழைய நான்கையும் அதே பெட்டியில் போட்டு, வழக்கப்படி அவளிடமே கொடுத்தேன். அதை டிரைவர் சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

இரண்டாம் தடவை முன்பைவிட மோசமாக விழுந்தது. நானே வேனை எடுத்துக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரிக்கு என்னைத் தெரியும். மெதுவாகப் பேசுகிற மனிதர். கராஜ்காரர் கொடுக்கும் தேநீரைக்கூடக் குடிக்கமாட்டார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, இயந்திரத்துக்கு ஆளைத் தெரியாது பாஸ் என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. பெட்டி புதிது, கை என்னுடையது, பிழை எங்கே வரும்? இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. திருகாணியைப் பின்னால் திருகினேன். வழக்கத்தைவிடக் கூடுதலாகவே திருக வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை தேறியது.

“திருப்பி வைக்கணும், அப்படியே வா,” என்றேன்.

“திருப்பி வச்சா புகை வருமா?”

“கொஞ்சம் வரும்.”

“அப்ப வேணாம் பாஸ். இப்படியே இருக்கட்டும்.”

நானும் விட்டுவிட்டேன். சான்றிதழ் வாங்கிக் கொடுத்த பெருமையில் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் இல்லாத நாளில் காலையிலேயே வந்தாள். வேனை வாசலில் நிறுத்தினாள். சாவியையும் அந்தச் சான்றிதழையும் என் மேசையில் வைத்தாள்.

“நேத்து பின்னேரம் பங்களாப் பள்ளத்துல நின்னுருச்சு பாஸ். ஃபர்ஸ்ட் கியர்ல போட்டும் ஏறல. பின்னால உருளப் பாத்துச்சு, கல்லு வச்சேன். பிள்ளைங்கள இறக்கி நடக்க விட்டேன். ரெண்டு மைல் கட்டை தூரம். சின்னவளை நான் தூக்கிக்கிட்டேன்.” பிறகு சான்றிதழை விரலால் என் பக்கம் தள்ளினாள். “இந்தத் தாள மலை ஏறச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டுப் போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். ஏசவில்லை.

எனக்கு ஹாஜியார் ஞாபகம் வந்துவிட்டது. சாவி பத்திரிகைத் தாளில் வைத்த சாமான்போல மேசையில் கிடந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் உள்ளங்கையில் யாரோ ஸ்பேனரை வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

நான்கு நோசிலையும் கழற்றினேன். ஒவ்வொன்றாக டெஸ்டரில் ஏற்றினேன். முதலாவது சுமார். இரண்டாவது சத்தமே போடவில்லை, நுனியில் சொட்டியது. மூன்றாவது சுமார். நான்காவது ஒரு பக்கமாக, குழாயில் தண்ணீர் வருவதுபோல வந்தது. பெட்டி ஜப்பான், சீல் ஜப்பான், உள்ளே இருந்தது எந்த ஊர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டூப்ளிகேட் செய்கிறவன் நோசிலைவிடச் சீலை நன்றாகச் செய்திருந்தான். நான் நோசிலைப் பார்க்காமல் சீலைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். கூப்பிடாமலே வேலையை முடித்திருக்கலாம். இன்ஜின் தேய்மானம் என்று நான் சொன்னால் மாத்தளையில் மறுத்துப் பேச ஆள் இல்லை. ஆனாலும் கூப்பிட்டேன்.

“இந்த ரெண்டும் சரியில்ல. நான் பாக்காம பூட்டிட்டேன்,” என்றேன்.

“சீல உடைச்சீங்களே, நானுந்தானே பாத்தேன்.”

“நீயும் சீலத்தான் பாத்த. நானும் சீலத்தான் பாத்தேன்.”

சொட்டிய நோசிலைக் குனிந்து பார்த்தாள். பிறகு, “என் பழைய நாலும் சீட்டுக்கு அடியில கெடக்கு,” என்றாள்.

எடுத்து வந்து டெஸ்டரில் ஏற்றினோம். அழுத்தம் குறைந்திருந்தது, கரி பிடித்திருந்தது. ஆனால் நான்கும் அசல் இரும்பு. அன்று பகல் முழுவதும் அந்த நான்கோடு உட்கார்ந்தேன். நோசிலின் ஊசியை அரைப்புப் பசை போட்டுத் தேய்த்தேன். உள்ளே மெல்லிய வாஷர் மாற்றி மாற்றிப் போட்டு நான்குக்கும் அழுத்தத்தைச் சமப்படுத்தினேன். அடைத்துக் கிடந்த காற்று வடிகட்டியையும் மாற்றினேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது அது. கடைசியில் ஸ்டெல்லாவை டெஸ்டர் பக்கத்தில் நிறுத்தி, “நீயே கைப்பிடிய அமுக்கு,” என்றேன். நான் தாளைப் பிடித்தேன். ‘கிர்ர்.’ வட்டம். நான்கு நோசிலுக்கும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக நான்கு வட்டம், முத்திரை குத்திய மாதிரி.

தாளைக் கசக்கப் போனேன். ஹாஜியார் அப்படித்தானே செய்வார். அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

“குடுங்க பாஸ். தாய்மாருங்களுக்குக் காட்டுறேன்.”

கசக்காமல் கொடுத்தேன். வேன் நம்பரை அதில் எழுதச் சொன்னேன். என் எழுத்தைவிட அவள் எழுத்து நன்றாக இருக்கும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இனிமேல் என் பம்ப் ரூமில் சீல் உடைப்பது பொனெட்டில் அல்ல, டெஸ்டர் மேசையில். வாகனக்காரர் பக்கத்தில் நிற்கட்டும், கைப்பிடியை அவரே அமுக்கட்டும், வண்டி நம்பர் எழுதிய தாளோடு போகட்டும்.

திருகாணியை அதன் பழைய வர்ணக் குறிக்கே கொண்டுவந்து பூட்டினேன். ஆனால் மலை ஏறிக் காட்டாமல் வேனைக் கொடுக்க மனம் வரவில்லை. பிள்ளைகளின் பாரத்துக்கு, பக்கத்துத் தேநீர்க் கடையில் நின்றவர்களை ஏறச் சொன்னேன். ஒன்பது பேர் ஏறினார்கள். எடை பார்த்தால் பிள்ளைகளைவிடக் கூடத்தான் இருக்கும்.

“பாஸ், எங்க சோத்துப் பெட்டி, தண்ணிப் போத்தல்லாம் யாரு தர்றது?” என்றான் ஒருவன்.

“சத்தம் போட்டா முட்டிக்கால் போட வைப்பேன்,” என்றாள் ஸ்டெல்லா, கண்ணாடியில் பார்த்து.

புறப்படுமுன் அவள் ஒரு காரியம் செய்தாள். தன் மகளின் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்திருந்தாள். அதைப் பின் கதவின் உட்புறம், கரி வரும் இடுக்கில் கட்டினாள். ரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் மலைப் பாதையில் ஏறினோம். எந்த வளைவிலும் வேன் மூச்சு வாங்கவில்லை. ஏறும்போது சைலன்சரில் கிடந்த பழைய கரி கொஞ்சம் கக்கியது, அதற்குப் பிறகு வெறும் சூடு. திரும்பும் வழியில், பிள்ளைகள் நடந்த அந்தப் பங்களாப் பள்ளத்தில் இறங்கி, நடுவில் நிறுத்தி, நின்ற இடத்திலிருந்து மேலே எடுக்கச் சொன்னேன். எடுத்தாள்.

மேலே போய் நிறுத்தி, எல்லோருமாகப் பின் கதவைத் திறந்து சட்டையைப் பார்த்தோம். காலரில் செம்மண் தூசி இருந்தது. கரி இல்லை. ஸ்டெல்லா சட்டையை உதறி, மடித்து, கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, இறங்கி நின்ற ஒன்பது பேரையும் ஏறச் சொன்னாள்.

மறுநாள் அந்த வேனை மறுபடியும் பரிசோதனை நிலையத்துக்கு நான் கொண்டுபோனேன். சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருந்தது, தேவையே இல்லை. இருந்தாலும் திருகாணியைத் தொடாமல் தேற வேண்டும் என்று எனக்கு இருந்தது. தேறியது. அதிகாரி திரையையும் பார்த்தார், பொனெட்டைத் திறந்து திருகாணியின் வர்ணக் குறியையும் பார்த்தார். ஸ்டெல்லா கொடுத்தனுப்பிய தாளைக் காட்டினேன். இது நல்ல பழக்கம் பாஸ் என்றார். அதற்குப் பிறகு விழுந்த வாகனங்களை அனுப்பும்போது, ‘நோசில் தாள் இருக்கிறதா?’ என்று அவர் கேட்க ஆரம்பித்தார். அவர் கேட்டதால் மற்றக் கராஜ்காரர்களும் தாள் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் என்னைக் கிண்டல் செய்தவர்களும் கொடுத்தார்கள். டெஸ்ட் செட்டிங் கேட்டு வந்தவர்களை நான் திருப்பி அனுப்பினேன். சிலர் வேறு இடம் போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

ஸ்டெல்லாவின் பிள்ளைகளில் இரண்டு பேர் வேறு வேனுக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டு பேர் நின்றார்கள். அடுத்த பள்ளித் தவணையில் இடம் போதவில்லை என்றாள்.

இப்போது சங்கத்தாருக்குச் சொல்கிறேன். உங்கள் நான்காவது விதி இப்படி இருக்கிறது: ‘புதிய நோசிலாக இருப்பினும், வாடிக்கையாளர் முன்னிலையில் சோதித்து, தெளிப்பின் அடையாளத்தைத் தாளில் பதித்துக் கொடுத்த பின்னரே பொருத்த வேண்டும்.’ நல்ல தமிழ். நான் இவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கமாட்டேன். ‘புதுசெண்டாலும் சரி, பழசெண்டாலும் சரி’ என்ற பாதி ஹாஜியாருடையது. அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. தாளைக் கசக்காமல் காப்பாற்றியது ஸ்டெல்லா. அதையும் எடுத்துக்கொள்ளவில்லை. சீல் உடைக்கும் இடத்தைப் பொனெட்டிலிருந்து டெஸ்டருக்கு மாற்றியவன் நான்.

அதற்கு என்ன சாட்சி என்று செயலாளர் கேட்டார். அந்த முதல் தாளில் என் பெயர் இல்லை, உண்மைதான். எழுத்தும் என்னுடையது அல்ல. ஆனால் இந்த விதி தன்னுடையது என்று தொழில்நுட்பக் குழுவில் யாராவது சொன்னால், அவரிடம் ஒன்று கேளுங்கள். சோதிக்காத நோசிலை எந்த வேனில் பூட்டினீர்கள்? யாருடைய பிள்ளைகளை மலையில் நடக்க விட்டீர்கள்? என்னிடம் பதில் இருக்கிறது. வேன் நம்பரோடு சொல்வேன். அந்தப் பிழையை இத்தனை வருடத்தில் வேறு யாரும் தன்னுடையது என்று கேட்டு வரவில்லை. பிழை என்னுடையது என்றால் விதியும் என்னுடையது.

அடுத்த தடவை அச்சடிக்கும்போது நான்காவது விதிக்குக் கீழே ‘பச்சைமுத்து பாஸ், பம்ப் ரூம், மாத்தளை’ என்று போடுங்கள். சின்ன எழுத்துப் போதும். ஆனால் சங்கத்தின் பெயருக்கு மேலே இருக்க வேண்டும்.